ஃபேட்டி லிவர் கிரேடு 1 தானேன்னு ரிப்போர்ட்ட மடிச்சு வெச்சுடாதீங்க

வயிறு ஸ்கேன் முடிச்சு ஜெல்ல தொடைக்கறதுக்குள்ள எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், "டாக்டர், கிரேடு எத்தனை?" ஒண்ணுன்னு சொன்னா மூஞ்சி தெளிஞ்சிடும், மூணுன்னா அங்கயே கண்ணு கலங்கிடும். ஆனா அந்த நம்பர் சொல்றது ஈரல்ல கொழுப்பு எவ்வளவுங்கறத மட்டும்தான், ஈரல் எவ்வளவு கெட்டுப்போச்சுங்கறத இல்ல.

மூச்ச இழுத்துப் புடிங்கன்னு நாங்க சொல்றது ஏன்னா, அப்பதான் ஈரல் விலா எலும்புக்குக் கீழ எறங்கி வரும், பக்கத்துல வலது கிட்னியும் ஒரே படத்துல தெரியும். நல்ல ஈரல் கிட்னி நிறத்துலயே இருக்கும், இல்ல லேசா வெளுப்பா இருக்கும். கொழுப்பு சேர்ந்தா ஒலி அலை சிதறி அதிகமா திரும்பி வரும், அதனால ஈரல் பளிச்சுன்னு வெள்ளையாகி கிட்னி கறுப்பாத் தெரியும். அவ்வளவுதான்னா கிரேடு 1, உள்ள ஓடற ரத்தக்குழாயோட சுவர் மங்குனா 2, பின்னாடி இருக்கற உதரவிதானமே தெரியாமப் போனா 3. இதெல்லாம் கண்ணால பாத்து சொல்றது, மெஷின்ல கெயின (படத்தோட வெளிச்சத்த) கூட்டி வெச்சா நல்ல ஈரலும் வெளுப்பாத் தெரியும், அதனால ரெண்டு சென்டர்ல ரெண்டு கிரேடு வந்தா பதறாதீங்க. இன்னொண்ணு, ஈரல்ல 5 சதவீதத்துக்கு மேல கொழுப்பு இருந்தாலே ஃபேட்டி லிவர்தான், ஆனா 20 சதவீதத்துக்குக் கீழ இருந்தா ஸ்கேன்ல தப்பிப் போக நிறைய வாய்ப்பு இருக்கு.

போன வருஷம் ஒரு அக்கா வந்தாங்க, 54 வயசு, பத்து வருஷமா சுகர், மதுப்பழக்கம் கெடையாது. கையில மூணு வருஷத்துக்கு முந்தின ரிப்போர்ட், அதுல கிரேடு 2. இப்ப பாத்தா கிரேடு 1 தான். "கொறைஞ்சிடுச்சு பாத்தீங்களா"ன்னு அவ்வளவு சந்தோஷம், ஆனா எடை ஒரு கிலோ கூட கொறையல, அதான் எனக்கு இடிச்சுது. தோலுக்குப் பக்கத்துல இருக்கறத தெளிவாக் காட்டற ப்ரோப (வயித்து மேல வெக்கற கருவி) மாத்தி வெச்சுப் பாத்தேன், ஈரலோட விளிம்பு வழவழன்னு இல்லாம மேடு பள்ளமா இருந்துச்சு, மண்ணீரலும் 14 சென்டிமீட்டருக்குப் பெருத்திருந்துச்சு. ஈரல் தழும்பாகிக் கெட்டியாக கெட்டியாக கொழுப்பு தானா கொறையும், அது கொணமானதா அர்த்தம் இல்ல.

அவங்க பழைய ரத்த ரிப்போர்ட்லயே எல்லாம் இருந்துச்சுங்க. ஈரல் என்சைம்கள் ஏஎஸ்டி 48, ஏஎல்டி 36, பிளேட்லெட் 1.4 லட்சம், இதோட வயசையும் சேர்த்து, ஈரல்ல தழும்பு இருக்க வாய்ப்பு எவ்வளவுன்னு பாக்க ஃபிப்-4னு ஒரு கணக்கு போடுவோம், தனியா செலவே கெடையாது. 1.3க்குக் கீழன்னா பெரும்பாலும் பயமில்ல (65 தாண்டினவங்களுக்கு 2 வரைக்கும்), அவங்களுக்கு மூணத் தாண்டிடுச்சு. யாரும் போட்டுப் பாக்கல, எனக்கு அதுதான் ரொம்ப வேதனை. தழும்ப அளக்க ஃபைப்ரோஸ்கேன் இருக்கு, ஈரல் எவ்வளவு கெட்டியா இருக்குன்னு கிலோபாஸ்கல்ல சொல்லும்.

சுகர், தொப்பை, பிரஷர் இருக்கறவங்க கிரேடு எதுவா இருந்தாலும் உங்க டாக்டர்கிட்ட "ஃபிப்-4 எவ்வளவு சார்"னு கேளுங்க. தழும்பு இல்லாத கிரேடு 3 ஆளுக்கு எடையில 7லருந்து 10 சதவீதம் கொறைஞ்சாலே ஈரல் நல்லா தேறும், அத நானே எத்தனையோ பேருக்கு ஸ்கேன்ல பாத்திருக்கேன். அந்த அக்காவுக்கு அந்தக் கட்டம் தாண்டிடுச்சு, இப்ப ஆறு மாசத்துக்கு ஒருக்கா கட்டி எதுவும் வந்திருக்கான்னு பாக்க வர்றாங்க, ஒவ்வொரு தடவையும் அந்தப் பழைய கிரேடு 2 ரிப்போர்ட்டயும் ஃபைல்ல வெச்சுத்தான் எடுத்துட்டு வர்றாங்க.