எலும்பில் செந்தூள் தெரிந்தால் கழுவாதீர்கள்

அகழ்வுக் குழியில் வெளிப்படும் மனித எலும்பின்மேல் சிவப்பாகத் தூள் படிந்திருந்தால், தண்ணீரையும் பிரஷ்ஷையும் அப்படியே ஓரமாக வையுங்கள். அழுக்கென்று நினைத்துக் கழுவுவது காவிக்கல் பொடியாக, அதாவது ஹெமடைட் என்ற சிவப்பு இரும்புக் கனிமமாக இருக்கலாம். ஈமச் சடங்குக்கு மிஞ்சிய ஒரே சாட்சி அதுதான் என்றால், கழுவியபின் என்ன செய்தாலும் திரும்பாது.

வடக்கு ஸ்பெயினில் எல் மிரோன் குகை. 2010இல் அங்கே கிடைத்த பெண்ணின் எலும்புகள் சுமார் 19,000 ஆண்டுப் பழமையானவை. அவற்றில் ஒட்டியிருந்த காவியில் கண்ணாடித் துகள்போல் மினுங்கும் ஹெமடைட் படிகங்கள். அந்த வகைக் காவி குகையருகே கிடைப்பதில்லை. வேறிடத்திலிருந்து கொண்டுவந்து இட்டிருக்கிறார்கள். எலும்பைத் தேய்த்துக் கழுவியிருந்தால் அந்த மினுக்கமும் போயிருக்கும்.

அதற்காகச் சிவப்பையெல்லாம் சடங்கு என்று எழுதிவிடக் கூடாது. நிலத்தடி நீரிலுள்ள இரும்பு எலும்பில் துருவாய் இறங்கும். பிற்காலத்தில் குழிமேல் அடுப்பு எரிந்திருந்தால், மஞ்சள் மண்ணிலுள்ள கோதைட் என்ற இரும்புக் கனிமம் 250–300 டிகிரி செல்சியஸில் நீரிழந்து ஹெமடைட்டாகச் சிவக்கும். எனவே உடலை ஒட்டி, குழிச்சுவரில், குழிக்கு வெளியே என மூன்று இடத்திலும் ஒரு தேக்கரண்டி மண் எடுங்கள். உடலருகே மட்டும் சிவப்பு அடர்ந்து, விலக விலகக் குறைந்தால்தான் தூவியது என்று வாதிட இடமுண்டு.

எலும்பைத் தூக்குமுன் சிவப்பின் எல்லையை வரைபடத்தில் குறியுங்கள். இதை விடாப்பிடியாகச் சொல்கிறோம். செக் நாட்டின் டோல்னி வெஸ்தோனிட்சேயில் 1986இல் கிடைத்த மூவர் புதைகுழியில், காவி மூவரின் தலைகளிலும் நடுவிலிருந்தவரின் இடுப்புக்குக் கீழும் இருந்தது. எங்கே இட்டார்கள் என்பதே அங்கு செய்தி.

மாதிரித் தூளைச் சுரண்ட மூங்கில் குச்சி போதும். எஃகுக் கருவி தன் இரும்பையும் விட்டுச் செல்லும். காவியைக் கொழுப்பில் குழைத்திருக்கவும் கூடும். பிளாஸ்டிக் பையின் வேதிப்பொருள் கொழுப்பைக் கண்டறியும் சோதனையைக் கெடுக்குமாதலால் கண்ணாடிக் குப்பியில் போடுங்கள். எலும்பை இறுக்கும் பாரலாய்டு என்ற பிசினைப் பூசுவது மாதிரி எடுத்த பிறகுதான்.

எக்ஸ் கதிரால் தனிமங்களை அறியும் கையடக்க எக்ஸ்ஆர்எஃப் கருவி இரும்பு உண்டு என்று மட்டுமே சொல்லும். எந்தக் கனிமம் என்பதை ராமன் நிறமாலையோ எக்ஸ் கதிர் விளிம்பு விளைவுச் சோதனையோதான் காட்டும். எக்ஸ்ஆர்எஃபில் பாதரசம் தெரிந்தால் அது சாதிலிங்கம் என்ற நச்சுள்ள சிவப்புப் பாதரசக் கனிமமாக இருக்கலாம். துருக்கியின் சாத்தால்ஹூயூக் புதைகுழிகளில் அதுவும் உண்டு. அப்போது கையுறையோடு முகக்கவசமும் போட்டுக்கொண்டே தொடருங்கள்.