‘ஹோம்ல சேர்த்துடுங்க’ என்று சொல்வதற்கு முன்…

பிள்ளை கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் ரயில் நிலையத்தில் பிடிபடும். இல்லையென்றால் வீட்டுச் சண்டையைக் கேட்டு யாராவது குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழைத்திருப்பார்கள். அப்படி மீட்கப்படும் பிள்ளையைக் கொண்டுபோவது குழந்தைகள் நலக் குழுவிடம். பெரும்பாலான பெற்றோர் அந்தப் பெயரை அப்போதுதான் முதன்முதலில் கேட்கிறார்கள். ‘போலீஸ் கேஸ் ஆயிடுமா?’ என்று பயப்படுகிறார்கள். குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் பிள்ளைகளை விசாரிப்பது இளைஞர் நீதிக் குழுமம். நலக் குழு வேறு. பாதுகாப்பும் பராமரிப்பும் தேவைப்படும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்காகத் தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்டு இயங்குவது அது. ஆனால் அதற்கு மாஜிஸ்திரேட் அளவுக்கு அதிகாரம் உண்டு. ஆலோசனை மையம்தானே என்று அலட்சியமாகப் போய்விடக் கூடாது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் ‘அடங்காத பிள்ளை’ என்று ஒரு வகையே கிடையாது. பிள்ளை எவ்வளவு மோசம் என்று குழு பார்ப்பதில்லை. இவனைப் பாதுகாப்பாக வளர்க்க இந்த வீட்டால் முடிகிறதா, முடியாவிட்டால் என்ன உதவி தேவை என்றுதான் பார்க்கிறது. இது புரியாமல் பல பெற்றோர் போனதும் பிள்ளையின் குற்றங்களை அடுக்குகிறார்கள். கடைசியில், ‘எங்களால முடியல, ஹோம்ல சேர்த்துடுங்க’ என்கிறார்கள். களைப்பில் வரும் அந்த வார்த்தை வாக்குமூலமாகப் பதிவாகும். பெற்றோரே கைவிரித்துவிட்டார்கள் என்று பொருள்படும். ‘பிள்ளை எங்களோடுதான் இருக்க வேண்டும், அதற்கு இன்னின்ன உதவி வேண்டும்’ என்று சொல்லுங்கள்.

கையெழுத்து விஷயத்தில் மிகுந்த கவனம் தேவை. தற்காலிகமாக இல்லத்தில் தங்கவைப்பது வேறு, பிள்ளையைச் சட்டப்படி ஒப்படைப்பது வேறு. ஒப்படைப்புப் பத்திரத்தில் கையெழுத்திட்டால் மனம் மாற இரண்டு மாதம்தான் அவகாசம். அது கடந்தால் பிள்ளையைத் தத்துக்குரியவராக அறிவிக்க வழி திறந்துவிடும். எந்தத் தாளையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையெழுத்திடுங்கள்.

மீட்கப்பட்ட பிள்ளையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழுமுன் கொண்டுவர வேண்டும். அடுத்து சமூக விசாரணை. 15 நாளில் முடிய வேண்டும். இறுதி உத்தரவுக்கு நான்கு மாத வரம்பு. அந்த உத்தரவுக்குப் பெரும்பாலும் அடிப்படையாக இருப்பது வீட்டுக்கு வந்து பார்க்கும் பணியாளரின் அறிக்கை. அவர் வரும் நாளில் ‘ஒரு பிரச்சினையும் இல்லீங்க’ என்று மூடி மறைப்பதும், அப்பா ஒன்று சொல்ல அம்மா வேறொன்று சொல்வதும்தான் அதிகம் கெடுக்கின்றன. அடித்திருந்தால் பிள்ளை சொல்லாமல் இருக்காது. கொடுமைக்கு மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு என்பதால், உடம்பில் காயமிருந்தால் வழக்கறிஞரிடம் பேசிவிட்டுப் போவது நல்லது.

அறிக்கைக்குப் பலம் சேர்ப்பது ஒரு நாற்பது பக்க நோட்டு. பிள்ளை கட்டுக்கடங்காமல் போகும் ஒவ்வொரு முறையும் அதில் குறித்துவையுங்கள். இரண்டு வாரம் எழுதினாலே போதும்: தேதி, நேரம், அதற்குச் சற்றுமுன் நடந்தது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்படி அடங்கியது. ‘எப்பவும் கத்துவான்’ என்பதை வைத்து யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. ‘செவ்வாய் மாலை ஆறரை மணி, போனை வாங்கியதும் 40 நிமிடம் கத்தினான், சுவரில் தலையை முட்டினான்’ என்றால் மனநல மருத்துவருக்கு அது பெரிய துப்பு. அதிதுறுதுறுப்பு, ஆட்டிசம், கற்றல் குறைபாடு, சில சமயம் காது கேட்காததுகூட அடங்காமையாகத் தெரியும். அரசு மருத்துவமனைகளில், பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கண்டறியும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்திலும் மனநலப் பிரிவிலும் பரிசோதிக்கலாம். 14416-இல் தொலைபேசி வழி மனநல ஆலோசனை கிடைக்கும். மருத்துவச் சீட்டு ஒவ்வொன்றையும் கோப்பில் சேருங்கள். மாற்றுத்திறன் உறுதியானால், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அந்த ஒரே காரணத்துக்காகப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரிக்க முடியாது. தகுந்த நீதிமன்ற உத்தரவு வேண்டும். பள்ளி ‘டிசி வாங்கிக்கோங்க’ என்று நெருக்கினால், எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்வதை எழுத்தில் சுட்டிக்காட்டுங்கள்.

இதற்கெல்லாம் பொறுமையில்லாமல், ‘ஆறு மாதத்தில் திருத்தித் தருகிறோம்’ என்கிற தனியார் விடுதிகளில் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவெண்ணைக் கேளுங்கள், மழுப்பினால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குச் சொல்லுங்கள்.

பிள்ளையைக் காணோம் என்று வாட்ஸ்அப்பில் போட்ட படத்தை, பிள்ளை கிடைத்ததும் எல்லா இடத்திலும் நீக்கச் சொல்லுங்கள். குழுமுன் வந்த பிள்ளையின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்.

பிள்ளையை இல்லத்தில் வைக்க உத்தரவானால், அனுமதித்த நாளில் தவறாமல் போய்ப் பாருங்கள். அந்த வருகைகளும் பதிவாகின்றன. உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். உடன்பாடில்லையெனில் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞர் உண்டு என்பதால், தாயின் பெயரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள். நேரில் போக முடியாதவர்கள் சட்ட உதவி எண்ணான 15100-ஐ அழைக்கலாம்.