ஒரு அழுக்கு இல்லாமல் கழுவிக் கொண்டுவந்த பல்

மூன்று வருடங்களுக்கு முன், கானாடுகாத்தான் பக்கம் ஒரு கல்யாண வீடு. சென்னையிலிருந்து வந்திருந்த 11 வயதுப் பையன் வளவில் ஓடிப்பிடித்து விளையாடும்போது, அப்போதுதான் கழுவிவிட்டிருந்த ஆத்தங்குடித் தரையில் வழுக்கித் தூணில் மோதிவிட்டான். மேல் முன்பல் ஒன்று வேரோடு கழன்று விழுந்தது. கல்யாண வீட்டுச் சந்தடியில் வண்டி பிடித்துக் காரைக்குடியில் என் கிளினிக்குக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கூட வந்த ஆச்சி, அவன் அப்பத்தா, கைக்குட்டையை விரித்துக் காட்டினார். “பிரஷ் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன் தம்பி. ஒரு அழுக்கு இல்ல பாருங்க.”

உண்மைதான். வேர் தந்தம் மாதிரிப் பளபளத்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பல் எலும்புக்குள் எப்படி நிற்கிறது என்று கேட்டால் பெரும்பாலோர் சுவரில் அடித்த ஆணி மாதிரி என்பார்கள். நம் வீட்டு ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான் சரி. வேருக்கும் எலும்புக்கும் நடுவே ஆயிரக்கணக்கான நுண்ணிய நார்கள். அந்த நார்களில்தான் பல் தொங்குகிறது. பெரியோடான்டல் லிகமென்ட் என்று பெயர். தடிமன் சுமார் 0.2 மில்லிமீட்டர். சோற்றில் ஒரு சின்னக் கல் கடிபட்டதும் தாடை சட்டென்று நிற்கிறதே, அந்தச் செய்தியை மூளைக்கு அனுப்பும் நரம்பு முனைகள் இதற்குள் இருக்கின்றன. எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்லான இம்பிளான்ட்டுக்கு இந்த நார் கிடையாது. அதனால்தான் இம்பிளான்ட் வைத்தவர்கள் சிலர் “கடிக்குது, ஆனா நம்ம பல் மாதிரி தெரியல டாக்டர்” என்கிறார்கள்.

பல் விழும்போது இந்த நார் அறுந்து, பாதி வேரோடு ஒட்டிக்கொண்டு வெளியே வரும். பார்ப்பதற்கு லேசாக இளஞ்சிவப்பாய், ஏதோ சதைப் பிசிறு போல இருக்கும். அதில் உயிருள்ள செல்கள் இருக்கின்றன. ஆச்சி தேய்த்துக் கழுவியது அவற்றைத்தான்.

அந்தச் செல்களின் அருமை ஆராய்ச்சிக்காரர்களுக்கே மெதுவாகத்தான் புரிந்தது. பிடுங்கிய ஞானப்பற்களின் வேரிலிருந்து இந்த நாரைச் சுரண்டியெடுத்து, அதில் ஸ்டெம் செல்கள், அதாவது வேறு வகைச் செல்களாக மாறி வளரக்கூடிய மூலச் செல்கள், இருப்பதை 2004-ல் காட்டினார்கள். நாம் குப்பையில் போடும் பல்! அந்தச் செல்களையே ஈறு நோயால் அழிந்த இடத்தில் வைத்தால் நாரும் எலும்பும் திரும்ப வளருமா என்றுதான் முதலில் பார்த்தார்கள். அப்புறம் இன்னொன்று தெரிந்தது. வைத்த செல்கள் பல நேரம் அங்கே ரொம்ப நாள் தங்குவதில்லை. ஆனாலும் பலன் இருக்கிறது. காரணம், அவை சுரக்கும் புரதங்கள். அந்தச் சுரப்பு மொத்தத்துக்கும் செக்ரடோம் என்று பெயர். புது ரத்தக்குழாய் விடச் சொல்லும் விஇஜிஎஃப், செல்களைப் பெருகச் சொல்லும் எஃப்ஜிஎஃப்-2, நார் நெய்ய உதவும் பெரியோஸ்டின் என்று பெரிய பட்டியல். பெரியோஸ்டின் சுரக்காதபடி மரபணுவை மாற்றிய எலிகளுக்கு ஈறும் எலும்பும் கெட்டுப்போகின்றன.

செல்களை வளர்த்த திரவத்தை மட்டும், செல்லே இல்லாமல் எலிகளின் பல்லைச் சுற்றிய எலும்பு குறைந்திருந்த இடத்தில் வைத்தபோதும் திசு நன்றாக வளர்ந்தது. காய் வெந்த தண்ணீரிலேயே சத்து இறங்கியிருக்கிற மாதிரி. இன்னொருவர் செல்லை உடம்புக்குள் வைக்கும் பயமும் இதில் குறைவு. சிக்கலும் உண்டு: கொடுப்பவரின் வயது, வளர்த்த முறை என்று எது மாறினாலும் திரவத்தின் சரக்கு மாறிவிடுகிறது. மருந்து என்றால் ஒவ்வொரு புட்டியும் ஒரே மாதிரி இருக்கவேண்டாமா?

இதைச் சொல்லக் காரணம், “ஆடுற பல்லுக்கு ஸ்டெம் செல் ஊசி இருக்காமே?”, “பிள்ளையோட பால்பல்லை பேங்க்ல வைக்கலாமாமே?” என்று மாதத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். 2017-ல் வந்த தேசிய ஸ்டெம் செல் வழிகாட்டுதல், தொப்புள்கொடி ரத்தம் தவிர வேறு எதையும் வணிகரீதியாகச் சேமிக்க அனுமதிக்கவில்லை. ஈறுக்கு ஊசி என்று யாராவது ரேட் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். புரதம் வைத்துச் செய்யும் சிகிச்சை இப்போதே இருக்கிறது, ஆனால் அது வேறு: பன்றிக்குட்டியின் பல் முளையிலிருந்து எடுத்த எனாமல் புரத ஜெல். ஈறு நோயால் எலும்பில் விழும் குழிகளில் சில வகைக்கு மட்டும் பலன் தரும். (சைவக்காரர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. போட்ட பிறகு கேட்டு என்னைத் திட்டியவர் உண்டு.)

ஆச்சிக்கு அன்று சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். நிலைத்த பல் விழுந்தால் வேரைத் தொடாமல், வெளியே தெரியும் வெள்ளைப் பகுதியைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் பாலில் ஒரு அலசு, அவ்வளவுதான். முடிந்தால் அப்போதே அதே குழியில் செருகி, ஒரு துணியைக் கடிக்க வைத்து அழைத்து வாருங்கள். பயமாயிருந்தால் ஒரு டம்ளர் பாலில் போட்டுக் கொண்டுவாருங்கள். அரை மணிக்குள் வந்தால் ரொம்ப நல்லது. பால்பல்லைத் திரும்பச் செருகக் கூடாது. பிள்ளை மயங்கினாலோ வாந்தி எடுத்தாலோ பல்லை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஆஸ்பத்திரி.

“காய்ச்சின பாலா, பச்சைப் பாலா?” என்றார் ஆச்சி.

“எதுவானாலும் சரி ஆச்சி, சூடா மட்டும் இருக்கக் கூடாது.”

பையனின் பல்லை வைத்து, இரண்டு வாரம் மெல்லிய கம்பியால் பக்கத்துப் பற்களோடு கட்டி, வேர்ச் சிகிச்சையும் செய்தோம். பல் நின்றது. ஆனால் நார் இல்லாத வேரை எலும்பு நேரடியாகப் பற்றிக்கொண்டது. தாடை வளர, அந்தப் பல் மட்டும் அதோடு சேர்ந்து இறங்கவில்லை. போன லீவுக்கு வந்திருந்தான், 14 வயது. சிரிக்கும்போது அந்த ஒரு பல் குட்டையாகத் தெரிகிறது.