இளங்குதிரை கடிவாளத்துக்குப் பழகுவது எப்படி?

புதிதாகக் கடிவாளம் மாட்டிய இளங்குதிரை தலையை உதறும், வாயைப் பிளக்கும், வாய்க்குள் இருக்கும் கடிவாள இரும்பை நாக்கால் வெளியே தள்ளப் பார்க்கும். பார்க்கிறவர்கள் ‘திமிர் பிடித்தது’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பல நேரம் அது திமிரே இல்லை, பல்வலி.

குதிரையின் தாடையில் முன்பற்களுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் நடுவே பல் இல்லாத இடைவெளி ஒன்று உண்டு. (ஆண் குதிரைக்கு நாலைந்து வயதில் அங்கே ஒரு கோரைப்பல் முளைக்கும், பெண் குதிரைக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது.) கடிவாள இரும்பு உட்காருவது அங்கேதான். ஆனால் அது காலியிடம் இல்லை. வாயை மூடியதும் நாக்கு அதை அடைத்துக்கொள்ளும். 1980களில் கடிவாளம் போட்ட குதிரைகளின் வாயை எக்ஸ்ரே மூலம் பார்த்தபோது, இரும்பு நாக்கில் அழுந்திக் கிடப்பது தெரிந்தது. நாக்கு ஒரு மெத்தை மாதிரி அழுத்தத்தை வாங்கிக்கொள்கிறது. வலி தாங்காமல் குதிரை நாக்கைப் பின்னால் இழுத்துக்கொண்டால், இரும்பு நேராக ஈறில் இறங்கும். அந்த ஈறு மெல்லிசு; அடியிலேயே தாடையெலும்பின் விளிம்பு.

இதில் வயதும் சேர்ந்துகொள்கிறது. இரண்டரை வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் 24 பால்பற்கள் விழுந்து புதுப்பற்கள் வருகின்றன. சவாரிக்குப் பழக்க ஆரம்பிப்பதும் அதே வயதில்தான். போதாததற்கு, மேல்தாடையில் கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் ‘வுல்ஃப் டூத்’ எனப்படும் சின்னப் பல் ஒன்று சில குதிரைகளுக்கு இருக்கும். எதற்கும் உதவாத பல். இரும்பு அதில் இடித்தால் வலியில் உயிர் போகும். அதனால் பல் மருத்துவர் பார்க்காத குதிரைக்குக் கடிவாளம் மாட்டுவது வீண் வேலை.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், எங்கள் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிக் கொட்டகை போட்டு நாலைந்து குதிரைகள் வளர்க்கிறார் ஒரு பெரியவர். வாலிப வயதில் ஈப்போவில் பந்தயக் குதிரைகளைப் பராமரித்தவர். (பேராக் டர்ஃப் கிளப் 1886இல் தொடங்கியது. இந்த நாட்டுப் பந்தயத் திடல்களின் லாயங்களில் நம்மவர்கள் கொட்டிய உழைப்பை யாராவது உட்கார்ந்து எழுத வேண்டும்.) ஐரோப்பாவில் குளிர்காலத்தில் இரும்பைக் கையில் வைத்துச் சூடாக்கி மாட்டுவார்கள். இவருக்கு நேரெதிர் வேலை: வெயிலில் தொங்கிய கடிவாளத்தை முதலில் வாளித் தண்ணீரில் முக்குவார்.

அன்று பேரன் இரும்பைப் பல்லில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

“தாத்தா, வாயைத் திறக்க மாட்டேங்குது.”

“இடிக்காதடா. கட்டைவிரலை ஓரமா உள்ள விடு, பல்லில்லாத இடத்துல. அதுவே திறக்கும்.”

திறந்தது. இரும்பு வழுக்கி உள்ளே போனது. உதட்டோரத்தில் ஒரு சுருக்கம் விழும் அளவுக்குக் கன்னப்பட்டையை ஏற்றிக் கட்டினார். தளர்வாகத் தொங்கினால் இளங்குதிரை நாக்கை இரும்புக்கு மேலே போட்டுக்கொள்ளும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் விடுவிப்பது பெரும்பாடு. அப்புறம் கையில் பிடித்து இழுக்கும் வார் எதுவும் பூட்டாமல் புல் மேய விட்டுவிட்டார்.

சரி, இரும்பு வாயில் இருப்பதைக் குதிரை பொறுத்துக்கொண்டாயிற்று. வாரை இழுத்தால் என்ன அர்த்தம் என்று அதற்கு எப்படித் தெரியும்? தெரியாது. இழுத்தவுடன் அது ஏதேதோ செய்து பார்க்கும்: தலையைத் தூக்கும், முன்னால் தள்ளும், வாயைத் திறக்கும். ஏதோ ஒரு கணத்தில் மூக்கை இழுத்த பக்கம் லேசாகத் திருப்பும். அந்தக் கணத்தில் கை தளர வேண்டும். இழுப்பு கற்றுக்கொடுப்பதில்லை, தளர்வுதான் கற்றுக்கொடுக்கிறது. எதைச் செய்தபோது அழுத்தம் நின்றதோ, அதையே அடுத்த முறை சீக்கிரம் செய்யும். சில விநாடி தாமதித்துவிட்டால், அதற்குள் குதிரை தலையை உதறியிருந்தால், உதறினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். எது செய்தும் அழுத்தம் நிற்கவில்லை என்றால் முயற்சியையே கைவிட்டுவிடும். ‘வாய் செத்த குதிரை’ என்று பழி போடுவது அதைத்தான்.

டென்மார்க்கில் 2011இல் வெளியான ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. கடிவாளமே அறியாத இரண்டு வயதுக் குதிரைகள் 15. இரும்புக்குப் பழக்கிய பின், நீளம் மாறாத வார்களைப் பூட்டி, கழுத்தை நீட்டி இரும்பின் அழுத்தத்தைத் தாங்கினால்தான் எட்டும் தூரத்தில் தீனி வைத்தார்கள். யாரும் இழுக்கவில்லை, எவ்வளவு அழுத்தத்தைத் தாங்கலாம் என்பது குதிரையின் முடிவு. முதல் நாள் சராசரி 10.2 நியூட்டன், அதாவது ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தைத் தொங்கவிட்ட அளவு. இரண்டாம் நாள் 6, மூன்றாம் நாள் 5.7. பழகப் பழக அதிகம் தாங்கும் என்றுதான் நாம் நினைப்போம். அவையோ தீனி எதிரில் இருந்தும் அந்த அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளவே பார்த்தன.

இந்த இடத்தில்தான் கையின் திறமை வருகிறது. நடக்கும்போது குதிரையின் தலை மேலும் கீழும் ஆடும். அதோடு சேர்ந்து கை போய்வராவிட்டால் ஒவ்வொரு ஆட்டத்திலும் வாயில் ஒரு இடி விழும். நடைக்கு அடுத்த வேகமான துள்ளோட்டத்தில் (டிராட்) தலை அவ்வளவாக ஆடாது. ஆனால் சவாரி செய்பவரின் உடம்பு குலுங்கும், அந்தக் குலுக்கல் வார் வழியாக வாய்க்குப் போகும். சேணத்தில் உட்காரவே தடுமாறும் ஆளிடம் இளங்குதிரையைக் கொடுக்கக் கூடாது என்று பெரியவர் அடம்பிடிப்பது இதனால்தான். இன்னொன்று: காலால் ‘போ’ என்றும் கையால் ‘நில்’ என்றும் ஒரே நேரத்தில் சொன்னால் பாவம், அது எதைக் கேட்கும்?

வாயில் நுரை கண்டால் குதிரை கடிவாளத்தை ஏற்றுக்கொண்டது என்று ஒரு நம்பிக்கை உண்டு. வாயில் அன்னியப் பொருள் கிடந்தாலே எச்சில் ஊறும், விழுங்கவும் சிரமம். நுரை அதனாலும் வரலாம். வாயை மூடியிருப்பதையும் நம்ப முடியாது, மூக்குப்பட்டையை இறுக்கினால் எந்தக் குதிரையும் மூடிக்கொண்டுதான் இருக்கும். பின்லாந்தில் 261 வண்டிப்பந்தயக் குதிரைகளைப் பந்தயம் முடிந்ததும் சோதித்தபோது 84 சதவீதத்துக்குக் கடிவாளம் படும் இடத்தில் புதுக்காயம் இருந்ததாக 2019இல் எழுதினார்கள். பெரும்பாலான காயங்கள் உதட்டுக்கு உள்ளே, வெளிப்பார்வைக்குத் தெரியாதவை. சவாரி முடிந்து கடிவாளத்தைக் கழற்றியதும் பேரன் உதட்டோரத்தை விரித்து உள்ளே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும், சிவந்திருந்தால் மறுநாள் அந்தக் குதிரைக்கு இரும்பு கிடையாது.