பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடுமுன்

மின்கழிவு மேலாண்மை விதிகள் 2022 என்று ஒன்று இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. கம்ப்யூட்டர், லேப்டாப், பிரிண்டர், கார்ட்ரிட்ஜ் எல்லாம் அதன் பட்டியலில் உண்டு. பொருளைச் சந்தையில் விற்ற கம்பெனியே அது குப்பையான பிறகும் பொறுப்பு என்பதுதான் சாரம். சட்டப் பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும்.

கம்பெனி அந்தப் பொறுப்பை எப்படித் தீர்க்கிறது என்பதில்தான் நம் சங்கடம் தொடங்குகிறது. உங்கள் வீட்டுக்கு வந்து பெட்டியைத் தூக்கிப்போக வேண்டும் என்று விதி கட்டாயப்படுத்தவில்லை. பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலையிடம் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் கம்பெனியின் கணக்கு நேராகிவிடும். முன்பு விற்ற சரக்கின் எடையில் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு 60 விழுக்காடு, அடுத்த இரண்டு ஆண்டுகளுக்கு 70, அதன்பின் 80 என்று இலக்கு உண்டு. அது எந்த ஊர், யார் வீட்டுப் பெட்டி என்று யாரும் கேட்பதில்லை. உங்களுக்கு இவ்வளவு விலை தர வேண்டும் என்றும் எங்கும் எழுதவில்லை. அதனால் "கவர்மென்ட் ரேட்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அப்படி ஒரு ரேட் கிடையாது.

முதலில், உங்கள் கம்ப்யூட்டர் மின்கழிவுதானா என்று பாருங்கள். வேண்டாம் என்று கழித்துப் போட்ட பிறகுதான் அது கழிவு. ஓடுகிற கம்ப்யூட்டரை யாருக்கும் விற்கலாம், கொடுக்கலாம், பள்ளிக்குத் தரலாம். பதிவு, சான்றிதழ் எதுவும் தேவையில்லை. ஆனால் ஓடாததைத் தானம் என்ற பெயரில் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளை அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் நினைத்த மாத்திரத்தில் கழிக்க முடியாது. அது வகுப்பறை மூலையில் வருடக்கணக்கில் கிடக்கும். பூட் ஆகி, நெட் வேலை செய்தால் மட்டும் கொடுங்கள்.

எக்ஸ்சேஞ்ச் ஆஃபரும் இதே கதைதான். இணையத்தில் காட்டும் தொகை பொருள் ஆன் ஆனால்தான் செல்லும். வாசலுக்கு வருபவர் பேட்டரி, கீல், திரைக்கோடு என்று ஒவ்வொன்றாகக் குறைப்பார். உடன்படாவிட்டால் திருப்பி அனுப்பும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. புதிய லேப்டாப் கைக்கு வந்த சந்தோஷத்தில் பலர் அந்த உரிமையைப் பயன்படுத்துவதில்லை.

பிராண்டு கம்ப்யூட்டர் என்றால்

டெல், ஹெச்பி, லெனோவோ, ஏசர், ஆப்பிள் போன்ற பெரிய பிராண்டுகளின் இந்திய இணையதளங்களில் மறுசுழற்சிக்கென்று தனிப் பக்கம் உண்டு. பெரும்பாலும் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்குப் போன் போட்டால், எடுப்பவர் பழுதுபார்ப்புப் பிரிவுக்காரராக இருப்பார். சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்வார். சர்வீஸ் சென்டரில் "நாங்கள் ரிப்பேர் மட்டும்தான்" என்பார்கள். இந்தச் சுற்றில் மாட்டாமல் இருக்க, மறுசுழற்சிப் பக்கத்தில் உள்ள படிவத்தையோ மின்னஞ்சலையோ பயன்படுத்துங்கள். மாடல், சீரியல் எண், தோராய எடை, பின்கோடு நான்கையும் முதல் மடலிலேயே எழுதுங்கள். ஒன்று குறைந்தாலும் அதைக் கேட்டு ஒரு மடல் வரும், அதற்குள் ஒரு வாரம் போய்விடும். சீரியல் எண் லேப்டாப்பின் அடியிலும், டெஸ்க்டாப்பில் பின்பக்க ஸ்டிக்கரிலும் இருக்கும். டெல் என்றால் எழுத்தும் எண்ணும் கலந்த, ஏழு இலக்க சர்வீஸ் டேக்.

அடுத்த முட்டுக்கட்டை எடை. "ஒரே ஒரு லேப்டாப்புக்கு வண்டி வராது, குறைந்தது இத்தனை கிலோ வேண்டும்" என்ற பதில் வழக்கமானது, அதுவும் சென்னை, கோவைக்கு வெளியே என்றால் கேட்கவே வேண்டாம். லேப்டாப் 2 அல்லது 2.5 கிலோ. டெஸ்க்டாப் கேபினட் 8 முதல் 10 கிலோ. அடுக்குமாடியிலோ தெருவிலோ நாலைந்து வீட்டுச் சரக்கைச் சேர்த்தால் அந்தப் பதிலுக்கு இடமிருக்காது. தனியாக மாதக்கணக்கில் மடல் எழுதிக்கொண்டிருப்பதை விட இது வேகமான வழி.

ஹார்ட் டிஸ்க், ரேம் கழற்றிய பெட்டியை "முழுமையாக இல்லை" என்று சில இடங்களில் மறுப்பார்கள். தகவல் பாதுகாப்புக்காக டிஸ்க்கைக் கழற்றியிருக்கிறேன் என்று முதல் மடலிலேயே சொல்லிவிட்டால் வாசலில் தகராறு வராது.

அசெம்பிள் செய்த பெட்டி என்றால்

தமிழ்நாட்டு வீடுகளில் நிறைய, சென்னை ரிச்சி தெரு போன்ற கடைத்தெருவில் பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த ரகம். கேபினட் ஒரு கம்பெனி, மதர்போர்டு வேறு, மானிட்டர் இன்னொன்று. எந்தக் கம்பெனியும் "எங்கள் பொருள் இல்லை" என்று ஒரே வரியில் கைகழுவிவிடும். மூடிப்போன கம்பெனியின் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இதே நிலைமை.

இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது, சொல்வார்தான் இல்லை. இப்படிப் பொறுப்பேற்க ஆளில்லாத பொருள்களைச் சேகரித்துப் பதிவுபெற்ற ஆலைக்கு அனுப்பி வைப்பது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று விதிகளின் அட்டவணை சொல்கிறது. ஆகவே மாநகராட்சி, நகராட்சி சுகாதாரப் பிரிவில் கேட்கும்போது "கம்ப்யூட்டர் எடுப்பீங்களா" என்று கேட்காதீர்கள். "எடுக்க மாட்டோம்" என்று சொல்லி அனுப்புவது அவர்களுக்கு எளிது. "2022 மின்கழிவு விதிப்படி அசெம்பிள் செய்த கம்ப்யூட்டரை ஒப்படைக்க வேண்டும், சேகரிப்பு இடம் எது" என்று எழுத்தில் கேளுங்கள். சென்னையில் 1913 எண்ணில் பதிவு செய்தால் புகார் எண் வரும், அதைக் குறித்து வையுங்கள். துப்புரவு வண்டியில் வருபவரிடம் ரகசியமாகத் தள்ளிவிடாதீர்கள். அவருக்கு அதை எங்கே கொடுப்பது என்று யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள், கிடங்கில் அவர்தான் திட்டு வாங்குவார்.

காத்திருக்க முடியாதென்றால் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் நேரே போகலாம். பிராண்டு பற்றி அவர்களுக்குக் கவலையில்லை.

"நாங்க ரிஜிஸ்டர்டு சார்"

ஏமாறுவது இங்கேதான். இப்போதைய விதியில் பதிவு நாலு வகையினருக்குத்தான்: உற்பத்தி செய்பவர், பிராண்டு கம்பெனி, புதுப்பித்து விற்பவர், மறுசுழற்சியாளர். "கலெக்‌ஷன் ஏஜென்ட் லைசென்ஸ்" என்று காட்டப்படும் தாளை நம்பாதீர்கள். ஜிஎஸ்டி பதிவுச் சான்று, சிறுதொழில் உத்யம் சான்று, ஐஎஸ்ஓ சான்று இவற்றை லேமினேட் செய்து நீட்டுவார்கள். மூன்றுக்கும் மின்கழிவுக்கும் சம்பந்தமில்லை. பழைய 2016 விதிப்படி வாங்கிய அனுமதித் தாளும் இப்போது போதாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மின்கழிவு இணையதளத்தில் மறுசுழற்சியாளர் பட்டியல் இருக்கிறது. தாளில் உள்ள பெயரும் ஆலை முகவரியும் அதில் அப்படியே இருக்க வேண்டும். "அவங்க எங்க பார்ட்னர்" என்றால், அந்த ஆலைக்கே போன் போட்டு, இன்னார் உங்கள் பெயரில் எடுக்கிறாரா என்று கேளுங்கள். ஐந்து நிமிட வேலை.

எடுத்துப்போகும்போது ரசீது கட்டாயம். தேதி, ஆலையின் பதிவு எண், ஒவ்வொரு பொருளின் சீரியல் எண், எடை இவை இருக்க வேண்டும். "கம்ப்யூட்டர் ஸ்கிராப் – 1 லாட்" என்று எழுதிய ரசீது எதற்கும் உதவாது. நாளை உங்கள் பெயர் ஒட்டிய பெட்டி எங்காவது கிடந்தால், நீங்கள் எங்கே கொடுத்தீர்கள் என்பதற்கு முறையான ரசீதுதான் ஒரே சாட்சி.

காயலான் கடைக்காரர் கூடுதலாக நூறு ரூபாய் தருவார், உண்மைதான். அந்த நூறு ரூபாய் எங்கிருந்து வருகிறது என்றால், செம்புக்காக ஒயரை எரிப்பதிலும் தங்கத்துக்காக போர்டை அமிலத்தில் போடுவதிலும்தான். கையுறைகூட இல்லாமல் அந்த வேலையைச் செய்பவர்களின் நுரையீரலில் இருந்து வருகிற காசு அது. பழைய குண்டு மானிட்டர் என்றால் இன்னும் மோசம். அதன் கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. செம்புச் சுருளை மட்டும் உருவிக்கொண்டு கண்ணாடியை ஏரிக்கரையில் கொட்டிவிடுவார்கள். முறையான ஆலையில் அதற்குக் காசு தராமல் இருக்கலாம், கட்டணம்கூடக் கேட்கலாம். இலவசமாகவாவது எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் வீட்டில் உடைக்காதீர்கள்.

டிஸ்க்கில் இருப்பது உங்கள் ஆதார்

டிலீட் செய்தாலும், சாதாரணமாக ஃபார்மேட் செய்தாலும் தகவல் போகாது. கோப்பு இருக்கும் இடத்தின் குறிப்பு மட்டும் போகும், மீட்டெடுக்கும் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது. ஜெராக்ஸ் கடை, ஆடிட்டர் அலுவலகம், இ-சேவை மையம் நடத்துபவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். உங்கள் டிஸ்க்கில் ஊர்க்காரர்களின் ஆதார், பான் நகல்கள் இருக்கின்றன. பெரிய ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றுக்குள்ளும் ஒரு ஹார்ட் டிஸ்க் உண்டு.

அழிப்பதற்கு முன், கணக்கு மென்பொருளான டேலி வைத்திருந்தால் லைசென்ஸை சரண்டர் செய்யுங்கள். மறந்துவிட்டால் புது கம்ப்யூட்டரில் ஆக்டிவேட் செய்யும்போது அல்லாட வேண்டியிருக்கும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனை யூஎஸ்பியில் இருந்து பிடுங்குங்கள், பின்பக்கம் செருகியே விட்டுவிடுபவர்கள் உண்டு. ஆப்பிள் என்றால் ஃபைண்ட் மை வசதியை நிறுத்திவிட்டு, ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள்.

ஹார்ட் டிஸ்க்கை அழிக்க, விண்டோஸ் இன்ஸ்டால் பென்டிரைவில் பூட் செய்து, ஷிஃப்டும் எஃப்10-ம் அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் டிஸ்க்பார்ட் (diskpart), பிறகு லிஸ்ட் டிஸ்க் (list disk) என்று ஒவ்வொன்றாக டைப் செய்து என்டர் அழுத்துங்கள். அளவைப் பார்த்து, செலக்ட் டிஸ்க் (select disk) என்பதோடு அதன் எண்ணைச் சேர்த்து உங்கள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள், பென்டிரைவும் அதே பட்டியலில் இருக்கும். பிறகு கிளீன் ஆல் (clean all). வெறும் கிளீன் போட்டால் பார்ட்டிஷன் விவரம் மட்டும் போகும், தகவல் அப்படியே இருக்கும். 'ஆல்' சேர்த்தால்தான் முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் எழுதும். 500 ஜிபிக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். எத்தனை விழுக்காடு முடிந்தது என்று திரை காட்டாது. தொங்கிவிட்டது என்று நினைத்துப் பலர் பாதியில் அணைத்துவிடுகிறார்கள். மீண்டும் கட்டளை எழுதும் வரி வரும்வரை தொடாதீர்கள்.

சுழலும் தட்டு இல்லாத புதுவகை டிஸ்க்கான எஸ்எஸ்டி-க்கு இந்த முறை முழு நம்பகமில்லை. அதைத் தயாரித்த கம்பெனியின் மென்பொருளில் செக்யூர் இரேஸ் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். கம்ப்யூட்டரே ஆன் ஆகவில்லை என்றால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொள்வதே நல்லது. மின்சார ஒயரைப் பிடுங்கி, பின்னால் உள்ள இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் பக்கத் தகடு வரும். டிஸ்க்குக்கு இரண்டு ஒயர், இரண்டு பக்கமும் சேர்த்து நாலு ஸ்குரூ. வலப்பக்க ஸ்குரூவுக்கு மறுபக்கத் தகட்டையும் திறக்க வேண்டியிருக்கும். எஸ்எம்பிஎஸ் என்னும், மின்சாரம் வழங்கும் பெட்டியைத் திறக்கவே கூடாது, ஒயரைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தங்கியிருக்கும். டிஸ்க்கில் துளை போடுபவர்கள் கண்ணாடி அணியுங்கள். லேப்டாப் டிஸ்க்கின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சிதறும்.

"நீங்க பல்க் கன்ஸ்யூமர், சர்டிஃபிகேட் வாங்கணும்"

சின்னப் பள்ளி, கிளினிக், அலுவலகங்களை இப்படிச் சொல்லி மிரட்டிச் சிலர் வருடச் சந்தா வாங்குகிறார்கள். ஒரு நிதியாண்டில் ஏதோ ஒரு நேரத்தில் பட்டியலில் உள்ள சாதனங்கள் குறைந்தது 1,000 பயன்பாட்டில் இருந்தால்தான் மொத்த நுகர்வோர். பத்து கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் அந்த வகையில் வரமாட்டார். ஆனால் கல்லூரிகள் கணக்கைச் சரியாகப் போடுங்கள். கம்ப்யூட்டர் 300-தான் என்று நிம்மதியாக இருக்க வேண்டாம், ஏசி, மின்விசிறி, பிரிண்டர், போன் எல்லாம் எண்ணிக்கையில் சேரும். ஆயிரத்தைத் தொட்டுவிட்டால் பதிவுபெற்ற கம்பெனி, புதுப்பிப்பவர், மறுசுழற்சியாளர் தவிர வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. உடைந்த நாற்காலியோடு கம்ப்யூட்டரையும் ஒரே லாட்டாகப் போட்டு, அதிக விலை கேட்ட இரும்புக் கடைக்காரருக்கு ஏலம் விடுவது விதிமீறல். ஏல அறிவிப்பிலேயே மின்கழிவைத் தனி லாட்டாக்கி, பதிவுபெற்றவர்கள் மட்டும் கேட்கலாம் என்று எழுதுங்கள்.

பேட்டரி இந்த விதியில் வராது. அதற்கு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள் 2022 தனி. பழைய யூபிஎஸ் பேட்டரியைப் புது பேட்டரி வாங்கும் கடையிலேயே கொடுத்து, அதற்கான தொகையைப் புதியதன் விலையில் கழித்துக்கொள்ளலாம். உப்பிய லேப்டாப் பேட்டரியைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், கூரியரில் அனுப்பாதீர்கள். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, எரியும் பொருள் அருகில் இல்லாத இடத்தில் வைத்து, நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள்.

யாருமே எடுக்கவில்லை என்றால், தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு, கம்பெனிக்கும் நகராட்சிக்கும் எழுதிய மடல்களின் நகலை வைத்துப் புகார் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்னால் "பார்க்கிறோம்" என்பதோடு முடியும். பதில் இல்லையென்றால் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, நகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். "ஏன் எடுக்கவில்லை" என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் சொல்லத் தேவையில்லை என்று தள்ளிவிடுவார்கள். "எங்கள் நகராட்சியில் மின்கழிவு சேகரிப்பு இடத்தின் முகவரி, சென்ற நிதியாண்டில் அங்கே சேர்ந்த மின்கழிவின் எடை, அது அனுப்பப்பட்ட ஆலையின் பெயர், அதற்கான ரசீது நகல்" என்று ஆவணமாகக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.