மல்லிக் குவியலுக்குப் பின்னால் கறுத்துப்போகும் முகம்

கோயம்பேடு பூ மார்க்கெட்டில் விடியுமுன் எடுக்கும் படங்கள் பலவும் ஒரே மாதிரிதான் கெட்டுப்போகின்றன. உதிரி மல்லி அழுக்குச் சாம்பலாகத் தெரியும்; அதை அள்ளித் தராசில் போடுகிறவரின் முகம் கரியாகிவிடும். கேமரா பழுதென்று நினைக்க வேண்டாம். எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கிவிடுவது கேமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் வேலை. படச் சட்டத்தில் பாதி வெள்ளைப் பூ என்றால், வெளிச்சம் கூடிப்போனதென்று எண்ணி அது மொத்தத்தையும் இருட்டாக்கும். வெள்ளை வேட்டி சட்டைக்காரர்கள் கூடும் இடத்திலும் இதே கதைதான்.

அதனால் பூக்குவியல் பாதிக்கு மேல் அடைத்திருந்தால் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, +1 வரை ஏற்றுங்கள். பல்புக்கு நேர் கீழே இருக்கும் மொட்டுகள் வெளுத்துப்போகிற மாதிரி இருந்தால் +0.7 போதும், கேமரா மெருகேற்றாத ரா கோப்பாக எடுத்து, முகத்தின் வெளிச்சத்தை மட்டும் பிறகு தூக்கிக்கொள்ளலாம். ஒரு சின்ன இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் கன்னத்தை அளப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். கறுப்புத் தோலை மீட்டர் வெளுக்கவைக்கும், ஆகவே -0.7. கேமராவே சுருக்கித் தரும் ஜேபெக்கில் இருட்டாக எடுத்துவிட்டு வீட்டில் ஏற்றிக்கொள்ளலாம் என்பது நடக்காத காரியம். கறுப்புத் தோலின் செம்மை போய்ச் சாம்பல் பூசின மாதிரி ஆகிவிடும்.

அடுத்த தொல்லை பட்டை பட்டையாக விழும் கோடுகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்ஈடி பல்பும் டியூப் லைட்டும் நொடிக்கு 100 முறை மங்கித் தெளிகின்றன. ஷட்டர் 1/500 நொடிதான் திறக்கிறது என்றால் அந்தத் துடிப்பில் ஒரு துண்டுதான் பதிவாகும். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால் கோடு இன்னும் மோசமாகத் தெரியும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 வையுங்கள், முழுத் துடிப்பும் உள்ளே வந்துவிடும். பூக்கட்டும் விரல்கள் அந்த வேகத்தில் கலங்கும். கலங்கட்டுமே, முகம் அசையாமல் இருந்தால் அதுதான் நல்ல படம். மூட்டை சுமந்து வருபவரை மட்டும் 1/100-இல் துரத்த வேண்டாம். அவர் இறக்கி வைக்கும் கணத்துக்குக் காத்திருங்கள். வானம் வெளுத்த பிறகு திறந்த இடத்தில் 1/250 தாராளம்.

ஃபோகஸைத் தேடிக்கொண்டிருந்தால் கணம் போய்விடும். முழுச்சட்ட (35 மிமீ ஃபிலிம் அளவு) சென்சாரில் 28 மிமீ லென்ஸ், துளை அளவு எஃப் 8, கையால் 2.5 மீட்டரில் ஃபோகஸ் என்று வைத்தால் ஏறக்குறைய 1.4 முதல் 10 மீட்டர் வரை தெளிவாகவே இருக்கும். இது பகல் வெளிச்சத்துக்கு. பல்பு வெளிச்சத்தில் துளையைப் பெரிதாக்கி எஃப் 2.8-க்கு இறங்கினால் அந்த இடைவெளி சுருங்கிவிடும், அங்கே ஆட்டோஃபோகஸையே நம்புங்கள்.

இனி ஆட்கள். தலையில் மூட்டையோடு வருபவரால் சட்டென்று நிற்கவும் முடியாது, பக்கவாட்டில் பார்க்கவும் முடியாது; நடைபாதை நடுவில் மண்டியிடாமல் தூண் ஓரமாக நில்லுங்கள். விலை பேசும்போது குறுக்கிடாமல், எடை போட்டு முடிந்ததும் "அக்கா, ஒரு படம் எடுத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள். கையை ஆட்டி வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். முன்பே எடுத்திருந்தால் அவர் கண்முன்னே அழியுங்கள். சரி என்றவர் விறைப்பாக நிமிர்ந்து நிற்பார். அதையும் எடுத்துக் காட்டுங்கள். இரண்டு நிமிடத்தில் அவர் வேலைக்குத் திரும்பிவிடுவார், நீங்கள் தேடி வந்த படம் அப்போதுதான் கிடைக்கும். கேட்டால் இயல்பு போய்விடும் என்று தூரத்திலிருந்து ஜூம் லென்ஸில் எடுப்பவர்களுக்கு அந்த இரண்டு நிமிடம் கடைசிவரை கிடைப்பதில்லை.

இப்போது கடைக்குக் கடை க்யூஆர் அட்டை தொங்குகிறது. அதில் கடைக்காரர் பெயர் இருக்கும், பல அட்டைகளில் செல் நம்பரும் இருக்கும். இணையத்தில் போடுமுன் அதை மறைத்துவிடுங்கள். இல்லையென்றால் எடுக்கும்போதே நீங்கள் அரையடி நகர்ந்தால் அட்டை தூணுக்குப் பின்னால் போய்விடும்.

படம் தருவதாகச் சொன்னால் 4x6 பிரின்டாகக் கொண்டுபோய்க் கொடுங்கள். லேமினேட் செய்து கொடுப்பது உத்தமம், அங்கே எல்லோர் கையும் ஈரம்.