ஒரு தடவைகூடப் போடாத டிஸ்க்தான் சார்!

போன மாதம் அண்ணன், தம்பி, தங்கை என்று மூன்று பேர் சேர்ந்து, கெட்டுப்போன டிவிடிகளிலிருந்து வீடியோவை மீட்டுத் தரும் என் கடைக்கு வந்தார்கள். 2005இல் திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம் நடந்திருக்கிறது. இப்போது அவருக்கு எண்பது. மண்டபத்தில் பெரிய திரை வைத்து அந்தப் பழைய வீடியோவைப் போட்டுக் காட்ட வேண்டும் என்பது ஆசை. அம்மா இப்போது இல்லை. ஆளுக்கு ஒன்றாக மூன்று டிவிடிகள் கொண்டுவந்திருந்தார்கள். சென்னையில் ஒன்று, கோவையில் ஒன்று, இங்கே திருச்சியில் ஒன்று. "ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கட்டும் என்றுதான் சார் அன்றைக்கே மூன்று வாங்கினோம்" என்றார் அண்ணன்.

மூன்றும் போய்விட்டிருந்தன. முதல் ஒரு மணி இருபது நிமிடம் ஓடுகிறது. கலச பூஜை, ஹோமம், வந்தவர்களின் முகங்கள் எல்லாம் வருகின்றன. அதற்குப் பிறகு படம் கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுவிடுகிறது. கலசாபிஷேகமும் அதைத் தொடர்ந்த மாங்கல்ய தாரணமும் அதற்குப் பின்னால்தான் இருக்கின்றன. மூன்றிலும் ஏறக்குறைய அதே இடம்.

பத்து வருடங்களுக்கு முன்பு மாதத்துக்கு ஒன்றிரண்டு பேர் இப்படி வருவார்கள். இப்போது வாரத்துக்கு நாலைந்து பேர். எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம், கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடம்: "ஒரு கீறல்கூட இல்லை சார், ஒரு தடவைகூடப் போட்டதில்லை, பீரோவில் பத்திரமாக வைத்திருந்தோம்." எனக்கு எரிச்சல் மூட்டுவது இந்த வாக்கியம்தான். அதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பிரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடப் போடத் தேயும் என்பது கிராமபோன் தட்டுக்கும் ஒலிநாடாவுக்கும் உரிய கணக்கு. அங்கே ஊசி உரசும், ஹெட் உரசும். ஆகவே போடாமல் வைத்தால் நீடிக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. டிவிடியை எதுவும் உரசுவதில்லை. படிப்பது வெளிச்சம், 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். நூறு தடவை போட்டாலும் அதனால் டிஸ்க் தேயாது. போடாமல் இருந்ததால் அது பிழைத்துக்கொள்ளவும் செய்யாது. உங்கள் பீரோவுக்குள் இருட்டில், ஒருவரும் தொடாதபோதும், அதற்கு வயதாகிக்கொண்டுதான் இருக்கிறது. ஒரு தடவைகூடப் போடவில்லை என்று நீங்கள் பெருமையாகச் சொல்லும்போது என் காதில் விழுவது, இருபது வருடமாக அது உயிரோடு இருக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை என்பதுதான்.

அடுத்து வரும் கேள்வியும் எனக்குத் தெரியும். "அதே அலமாரியில் இருக்கும் சினிமா டிவிடி நன்றாக ஓடுகிறதே?" ஓடும். இரண்டையும் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். கடையில் வாங்கிய படத்தின் அடிப்பக்கம் வெள்ளி நிறம். கல்யாண டிவிடியின் அடிப்பக்கம் ஊதா. அந்த ஊதாதான் விஷயமே. சினிமா டிவிடியில் தகவல் என்பது பிளாஸ்டிக்கிலேயே அச்சு வைத்து அழுத்திய குழிகள். மேலே அலுமினியப் பூச்சு. அது பாத்திரத்தில் பெயர் வெட்டியதைப் போல. ஸ்டுடியோவில் எழுதிக் கொடுத்த டிஸ்க்கில் வெட்டு எதுவும் கிடையாது. தலா 0.6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு பாலிகார்பனேட் தட்டுகளுக்கு நடுவே மெல்லிய கரிமச் சாயம் பூசியிருக்கும். டிஸ்க் எழுதும் கருவியான ரைட்டரின் லேசர் அந்தச் சாயத்தைப் புள்ளி புள்ளியாகச் சுட்டு நிறம் மாற்றும். சுட்ட இடத்துக்கும் சுடாத இடத்துக்கும் உள்ள வேறுபாடுதான் உங்கள் கல்யாணம். சாயம் வெளுத்தால் அந்த வேறுபாடும் மங்கும். கைத்தறிச் சேலையை வெயிலில் உலர்த்தாதே என்று சொல்லத் தெரிந்த நமக்கு, இதுவும் சாயம்தான் என்பது தோன்றவில்லை. தோட்டத்தில் குருவி விரட்டக் கட்டித் தொங்கவிட்ட பழைய டிஸ்க்குகளைப் பார்த்திருப்பீர்கள். கொஞ்ச நாளில் ஊதா போய் வெறும் கண்ணாடிபோல ஆகிவிடும். பீரோவில் இருப்பதற்கும் அதே கதிதான். வருடக்கணக்கு மட்டும் வேறு.

கீறல் இல்லையே என்று திரும்பத் திரும்பக் காட்டாதீர்கள். கீறல் இருந்தால் எனக்குச் சந்தோஷம். தேய்த்து மெருகேற்றிச் சரிசெய்ய முடியும். உள்ளே சாயம் போனதற்கு மெருகு கிடையாது. இதில் பற்பசை வைத்தியர்கள் வேறு. யார் கிளப்பிவிட்டது என்று தெரியவில்லை, வரும் டிஸ்க்குகளில் பாதி புதினா வாசனையோடு வருகிறது. வட்டம் வட்டமாகத் தேய்த்து, இல்லாத கீறலை உண்டாக்கிக் கொண்டுவருகிறார்கள். தேங்காய் எண்ணெய் தடவிய ஒன்றைக்கூடப் பார்த்தாயிற்று. கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், சமையலறையையும் குளியலறையையும் இதில் இழுக்காதீர்கள். தூசி இருந்தால் மென்மையான பருத்தித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

"போன தீபாவளிக்குக்கூட ஓடியதே சார்" என்பவர்கள் தனி ரகம். ஓடியிருக்கும். டிவிடியில் தகவலோடு பிழைதிருத்தும் குறியீடும் கலந்தே எழுதப்படுகிறது. ஆயிரக்கணக்கான புள்ளிகள் கெட்டாலும் பிளேயர் கணக்குப் போட்டு ஈடுகட்டிவிடும், திரையில் ஒரு சுளிப்பும் தெரியாது. ஒரு எல்லை வரைக்கும்தான் இது. அதைத் தாண்டியதும் ஒரேயடியாகக் கைவிரித்துவிடும். கேசட் அப்படியல்ல, படம் மங்கி, கோடு விழுந்து, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போகும். டிவிடி சொல்லாமல் போகும். தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: சில டிரைவ்களில் இந்தப் பிழைகளை எண்ணிப் பார்க்க முடியும். அடுத்தடுத்த எட்டுத் தகவல் தொகுதிகளில் 280 பிழைகளைத் தாண்டக்கூடாது என்பது தர அளவு. நல்ல டிஸ்க்கில் புதிதாக எழுதியதும் இது சில பத்துகளில் இருக்கும். எழுதிய அன்றே இருநூறைத் தொட்ட டிஸ்க்குகளை நான் பார்த்திருக்கிறேன். வாடிக்கையாளர் வீட்டில் அழகாக ஓடியிருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது.

மூன்று டிஸ்க்கும் ஏன் ஒரே இடத்தில் நின்றன என்று அந்தத் தங்கை கேட்டார். நல்ல கேள்வி. டிவிடி நடுவிலிருந்து வெளிவிளிம்பை நோக்கிச் சுருளாக எழுதப்படுவது. ஆக நிகழ்ச்சியின் கடைசிப் பகுதி விளிம்பில் இருக்கும். சாயத்தை நடுவில் ஊற்றிச் சுழற்றித்தான் பரப்புகிறார்கள். மலிவான டிஸ்க்கில் ஓரத்துக்கு வரும்போது பூச்சு சீராக இருக்காது. இரண்டு தட்டுகளையும் ஒட்டிய பசைக்குள் ஈரம் நுழைவது ஓரம் வழியாக. நம் விரல் படுவதும் ஓரத்தில். டிஸ்க் வளைந்தால் அதிகம் ஆடுவதும் ஓரம்தான். முகூர்த்தத்தைக் கடைசியில் வைக்கிற நம் ஊர்க் கல்யாண வீடியோக்களுக்கு இதைவிடக் கெட்ட நேரம் வேண்டாம்.

சரி, மூன்று பிரதிகள்? மூன்று ஊர்களில் இருந்தனவே? அவை மூன்றல்ல, ஒன்றுதான். ஒரே மத்தியானம், ஒரே ரைட்டரில், ஐம்பது டிஸ்க் டப்பாவிலிருந்து அடுத்தடுத்து உருவி எழுதியவை. ஒரே சாயம், ஒரே பசை, ஒரே குறை. ஒரே பானைச் சோற்றை மூன்று தட்டில் போட்டு வைத்துவிட்டு, ஒன்று ஊசினால் இன்னொன்று இருக்கும் என்று நம்புவதைப் போல.

இந்த இடத்தில் நானும் கையைத் தூக்கிவிடுகிறேன். அந்த வருடங்களில் ஸ்டுடியோக்களுக்கு டிஸ்க் எழுதிக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். தை, வைகாசி முகூர்த்தங்களில் ஒரு நாளைக்கு நூறு டிஸ்க் போகும். நாலு மடங்கு வேகத்தில் எழுதினால் ஒரு டிஸ்க்குக்குக் கால் மணி நேரம். பதினாறு மடங்கில் ஆறே நிமிடம். வாசலில் ஆள் நிற்கும்போது யார் கால் மணி நேரம் காத்திருப்பார்கள்? எழுதி முடித்ததும் சரிபார்க்கும் வசதி இருந்தது. அதற்கும் நேரமாகும் என்று அணைத்து வைத்திருந்தோம். டிஸ்க் வாங்குவதும் டப்பா விலையைப் பார்த்துத்தான். மேலே என்ன பெயர் அச்சடித்திருக்கிறது என்பதற்கும் எந்தத் தொழிற்சாலையில் செய்தது என்பதற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே பெயரில் இந்த மாதம் ஒரு நாட்டுச் சரக்கு வரும், அடுத்த மாதம் வேறு நாட்டுச் சரக்கு வரும். ஜப்பானின் தையோ யூடன் டிஸ்க் என்றால் தொழிலில் மரியாதை. அவர்களும் 2015இல் இந்தத் தயாரிப்பிலிருந்து விலகிவிட்டார்கள். 2008இல் நல்ல டிஸ்க்கில் மெதுவாக எழுதி வைத்த என் வீட்டு வீடியோக்கள் இன்றும் ஓடுகின்றன. அதே வருடம் மலிவு டப்பாவில் எழுதியவற்றில் பாதி செத்துவிட்டது. ஆகையால் எல்லா டிவிடியும் பத்து வருடத்தில் போய்விடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன். உங்களுடையது எந்த ரகம் என்று பார்த்து மட்டும் சொல்ல முடியாது, அதுதான் சிக்கல்.

மணமக்கள் படம் போட்டு வட்டமாக ஒட்டிய ஸ்டிக்கர் இருக்கிறதே, அது இன்னொரு வில்லன். காகிதம் ஒரு விதமாகச் சுருங்கும், பிளாஸ்டிக் ஒரு விதமாகச் சுருங்கும், டிஸ்க் வளையும். இப்போது அதைப் பிய்க்கலாமா என்று கேட்காதீர்கள். பிய்க்காதீர்கள். அப்படியே கொண்டுவாருங்கள்.

அமெரிக்கத் தரநிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2003இல் டிஸ்க் பராமரிப்புக்கு ஒரு கையேடு வெளியிட்டது. நீண்ட காலம் வைக்க வேண்டுமானால் வெப்பம் 4 முதல் 20 டிகிரிக்குள், ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. படித்துவிட்டு நான் சிரித்தேன். மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோ, அக்னி நட்சத்திரம், பிறகு ஐப்பசி அடைமழை. நம் வீட்டில் அந்த 20 டிகிரி எந்த அறையில் இருக்கிறது?

ஓலைச்சுவடி நம்மிடம் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ஓலையின் உறுதி அல்ல. செல்லரிக்கும் முன் யாரோ ஒருவர் உட்கார்ந்து புது ஓலையில் பெயர்த்து எழுதினார். இங்கேயும் வேலை அதுதான், ஆனால் எழுத்தாணி பிடிக்க வேண்டியதில்லை. ஒரு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. கல்யாணத்துக்கு மூன்று டிஸ்க் என்றாலும் பதினான்கு ஜிபி. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனில் இடம் இருக்கிறது.

இந்த ஞாயிற்றுக்கிழமையே பீரோவைத் திறந்து எல்லா டிஸ்க்குகளையும் வெளியே எடுங்கள். விளிம்பைப் பிடித்து எடுங்கள், அடிப்பக்கத்தைத் தொடாதீர்கள். கணினியில் போட்டு உள்ளே இருக்கும் கோப்புகள் அத்தனையையும் ஹார்டு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். டிவிடி டிரைவ் இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகும் டிரைவ் கிடைக்கிறது, தெருவில் நாலு வீட்டுக்கு ஒன்று போதும். நகலெடுத்ததைக் கடைசி நிமிடம் வரை ஓட்டிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஓடினால் போதாது, ஏன் என்று மேலே சொல்லியாயிற்று. பிறகு இரண்டாவதாக ஒரு ஹார்டு டிஸ்க், வேறு கம்பெனியுடையது, வேறு வீட்டில். வருடத்துக்கு ஒரு தடவை, ஆயுத பூஜை அன்று என்று வைத்துக்கொள்ளுங்களேன், இரண்டையும் செருகிப் பாருங்கள். பென் டிரைவில் போட்டுப் பூஜையறையில் வைத்துவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். மின்சாரம் காணாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அதுவும் மறந்துபோகும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பி வைத்திருக்கிறேன் என்பவரிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. தரத்தைப் பிழிந்தெடுத்துத்தான் அது அனுப்பும்.

நகலெடுக்கும்போது டிரைவ் இடையில் திணறினால் உடனே நிறுத்துங்கள். இருபது தடவை முயலாதீர்கள். வேறொரு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் மறுத்ததை இன்னொன்று படிப்பது அன்றாடம் நடப்பது. அதுவும் முடியாவிட்டால் விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள், உறையோடு, கழுவாமல்.

டிஸ்க் எழுதியதற்கு முந்தைய மூலம் இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அந்தக் காலத்தில் படம் பிடித்தது பெரும்பாலும் மினி டிவி (MiniDV) என்ற சின்ன வீடியோ கேசட்டில். டிஸ்க் செத்து, கேசட் பிழைத்திருந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கேசட்டை அழித்து அடுத்த கல்யாணத்துக்குப் பயன்படுத்தும் வழக்கமும் இருந்தது.

அந்த மூன்று டிஸ்க்குகளையும் நாலு டிரைவ்களில் மாற்றி மாற்றி ஒன்பது நாட்கள் ஓடவிட்டேன். மூன்றும் ஒரே நகல் என்பதால் ஒன்றில் கிடைக்காத துண்டை இன்னொன்றிலிருந்து எடுத்து ஒட்ட முடியும். அப்படிப் பதினொரு நிமிடம் கூடுதலாகக் கிடைத்தது. கலசத் தண்ணீர் ஊற்றுவது வருகிறது, அம்மா நனைந்த தலையோடு சிரிப்பது வருகிறது. தாலி கட்டுவது வரவில்லை. படம் பிடித்தவர் மயிலாடுதுறைக்காரர், ஸ்டுடியோவை மூடி ஏழெட்டு வருடமாகிறது. எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். பழைய கேசட்டெல்லாம் மச்சில் ஒரு சாக்கில் கிடக்கிறது, இறக்கிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.